முதலில் பதிவேடு, பிறகு கண்ணாடிப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊருக்கு ஒரு வரலாற்று அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலே கட்டடம், கண்ணாடிப் பெட்டி, திறப்பு விழா என்று போய்விடுகிறது. முதலில் வாங்க வேண்டியது கெட்டி அட்டை போட்டு, பக்க எண் அச்சிட்ட ஒரு பதிவேடு. கழற்றி மாட்டும் கோப்பு வேண்டாம். அதில் ஒரு தாள் தொலைந்தால், அந்தப் பொருள்கள் யார் கொடுத்தவை என்பதும் சேர்ந்தே தொலையும்.

இங்கு வருபவை பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தவை. ஒரு தையல் இயந்திரத்தின் தயாரிப்பு விவரத்தை அதன் தொடர் எண்ணை வைத்துப் பிறகும் கண்டுபிடிக்கலாம். அதில் தைத்தது யார், யாருக்காகத் தைத்தார் என்பதெல்லாம் கொடுப்பவருக்கு மட்டுமே தெரியும். கையெழுத்து வாங்கும்போதே கேட்டு எழுதாவிட்டால் மிஞ்சுவது பழைய இரும்புதான். கொடையா, இரவலா என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். இரவல் என்றால் திருப்பித் தரும் தேதியோடு. ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற வாய்ச்சொல், வாரிசுகள் வந்து கேட்கும் நாளில் செல்லாது.

பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். 2024.7.3 என்றால் 2024இல் ஏழாவதாக வந்த கொடையின் மூன்றாவது பொருள். இந்த எண்ணைப் புகைப்படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். துணிக்கு, பருத்தி நாடாவில் எழுதி நாலு தையல் போடலாம். ஒட்டுநாடா மட்டும் எதற்கும் ஆகாது. நாடா உதிர்ந்தாலும் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாக நிற்கும்.

மரமோ கம்பளியோ வந்தால் நேரே உள்ளே கொண்டுபோகக் கூடாது. பூச்சி இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கம்பளித் துணியைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். பலரும் சறுக்குவது அதற்குப் பிறகுதான். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரித்தால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் விடுங்கள். ஒளியைப் பொறுத்தவரை, துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். வெளுத்த நிறம் திரும்பி வராது என்பதால் சுவரில் மாட்டுவது நகலாகவே இருக்கட்டும்.

2022இல் பிராக் நகரில் பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை ‘அருங்காட்சியகம்’ என்பதற்கு ஏற்றுக்கொண்ட வரையறையில் சமூகங்களின் பங்கேற்பும் இடம்பெற்றது. அதை நடைமுறையில் காட்ட ஒரு குழுப் புகைப்படமே போதும். நகலைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண் இட்டு, பக்கத்தில் நோட்டையும் பென்சிலையும் தொங்கவிடுங்கள். பார்க்க வருபவர்கள் பெயர் எழுதுவார்கள். ஒரே முகத்துக்கு இருவர் இரண்டு பெயர் சொன்னால் எதையும் அடிக்க வேண்டாம். சொன்னவர் யார், எந்த நாளில் என்று குறித்து இரண்டையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
அருங்காட்சியக ஆவணப் பணியாளர்கள்