கரண்டி யார் கையில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று படித்ததும் என் கண்முன் வந்து நின்றவர், உங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த மனிதர்தான். நம்மைக் கண்டதும் துணியை நம் கையில் திணித்துவிட்டு, 'முடிச்சிட்டு உள்ள வாங்கடா' என்று போய்விடுவாரே. அவருக்கு இடது கையைத் தூக்க முடியவில்லை என்பது இன்னும் மனசில் இறங்கவில்லை.

இரண்டு மறுவாழ்வு இல்லங்களின் படங்களை அனுப்பி, எது தேவலை என்று கேட்டிருக்கிறாய். படத்தை வைத்துச் சொல்ல என்னால் ஆகாது. பளிங்குத் தரையும் தோட்டமும் இரண்டிலும் இருக்கின்றன. பளிங்குத் தரையைப் பார்த்தால் இப்போதெல்லாம் 'வழுக்குமே' என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. போன வருஷம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபின் அடுத்தடுத்து இரண்டு இடங்களில் வைத்திருந்தோம். அந்தக் கதையை உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுசாகச் சொல்கிறேன், வேண்டியதை நீ எடுத்துக்கொள்.

முதல் இடம் எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் வேடிக்கை. மணி அடித்தால் உடனே ஆள் வரும். காலை ஏழு மணிக்குள் குளிப்பாட்டி, உடை மாற்றி, தலை வாரி உட்கார வைத்துவிடுவார்கள். எப்போது போனாலும் அம்மா பொம்மை மாதிரி பளிச்சென்று இருப்பாள். பத்து நாள் கழித்து ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போய் நின்றேன். அட்டெண்டர் பெண் நின்றபடியே கரண்டியால் ஊட்டிக்கொண்டிருக்கிறாள், அம்மா வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். இடுப்புதானே முறிந்தது, கைக்கு என்ன வந்தது? கேட்டேன். அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள்: 'பாட்டியே சாப்பிட்டா முக்கால் மணி நேரம் ஆகுது சார். எனக்கு இன்னும் ஆறு பேர் இருக்காங்க.' அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏழு பேரை ஒருத்தி தலையில் கட்டியவர்கள்மேல்தான் வந்தது.

டயப்பர் கதையும் இதேதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அம்மா ஒரு ஆள் கை பிடித்தால் கமோடு வரைக்கும் போய்க்கொண்டிருந்தாள். இங்கே முதல் ராத்திரியே டயப்பர் போட்டுவிட்டார்கள். 'கூட்டிட்டுப் போறப்ப விழுந்துட்டா யார் பொறுப்பு? இதுன்னா நிம்மதி' என்றார் மேற்பார்வையாளர். யாருக்கு நிம்மதி என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு நாங்களும் களைத்துப் போயிருந்தோம். மூன்றாவது வாரம் அவளை எழுப்பி நிறுத்தவே இரண்டு பேர் தேவைப்பட்டது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வந்திருக்கிறது. அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துபோயிருந்தது. அம்மா ஆரோக்கியமாகவும் இல்லை, பத்து நாளோடும் நிற்கவில்லை.

அதற்கப்புறம் மாற்றிய இடம் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. பெயின்ட் உரிந்த சுவர். முதல் நாள் காலையில் அம்மா தன் உடுப்பின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அட்டெண்டர் எதிரே ஸ்டூலில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பொத்தான் நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறாள், மறுபடி நழுவுகிறது. பொறுக்க முடியாமல் நான் எழுந்து கை நீட்டினேன். 'நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்' என்று என்னைத் துரத்திவிட்டாள் அந்தப் பெண். எனக்கு ஒரே ஆத்திரம். காசையும் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாளே என்று வராந்தாவில் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். அது ஒரு வேலை, அதுவும் கஷ்டமான வேலை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஊட்டிவிட ஐந்து நிமிஷம் போதும். அவரே சாப்பிடும்வரை பக்கத்தில் காத்திருக்க ஆள்பலம் வேண்டும். அதனால்தான் பல இடங்களில் காத்திருப்பதில்லை, அந்த அவசரத்துக்கே 'நல்ல கவனிப்பு' என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள்.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்காதே. மனிதர் தானாக என்னென்ன செய்கிறார் என்று அளக்க ஒரு கணக்கே இருக்கிறது, பார்த்தெல் அட்டவணை என்று. 1965இல் மஹோனி என்ற டாக்டரும் பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து வெளியிட்டது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கழிப்பறை, நடை, படியேறுவது என்று பத்து விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். இரண்டாவது இடத்தில் முதல் நாளே இதைப் போட்டு எங்களிடம் காட்டினார்கள். அம்மாவுக்கு 35. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட்டார்கள். முதல் இடத்தில் 'முன்னேற்றம் இருக்கு சார், நல்லா இருக்காங்க' என்பதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. நீ போகிற இடத்தில், அப்பா வந்த அன்றைக்கு என்ன அளவு எடுப்பீர்கள், அடுத்தது எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுப் பார். இந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, வேறு அளவையும் இருக்கலாம். ஆனால் கேள்வியே புரியாமல் விழித்தார்களானால் அங்கே மறுவாழ்வு போர்டில் மட்டும்தான் இருக்கிறது.

இனி உன் அப்பா விஷயம். பக்கவாதத்துக்குச் சில தனிக் கவனங்கள் உண்டு. எங்கள் பிசியோ சொன்னதையும் நான் படித்ததையும் கலந்துதான் எழுதுகிறேன். அட்டெண்டர்கள் நோயாளியைக் கட்டிலிலிருந்து எப்படித் தூக்குகிறார்கள் என்று பார். சோர்ந்து தொங்கும் கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கியோ எழுப்பினால் உடனே அந்த இடத்தை விட்டு வந்துவிடு. தசை தளர்ந்த தோள்மூட்டு அப்படி இழுத்தால் நழுவும், பிறகு வலி மாதக்கணக்கில் நிற்கும், அந்த வலியாலேயே பயிற்சி நின்றுபோகும். வாய்வழியாக எதுவும் கொடுக்குமுன் விழுங்கும் திறனைச் சோதித்தார்களா என்றும் கேள். புரையேறினால் இருமல் வரும் என்று நாம் நினைக்கிறோம். பக்கவாதத்தில் சிலருக்கு இருமலே வராமல் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், நாலு நாள் கழித்து நிமோனியா என்பார்கள். நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுக்கிறார்களா, படுத்தவாக்கிலா என்பதை வராந்தாவில் நடந்தாலே பார்த்துவிடலாம்.

இன்னொன்றை எழுதியே ஆக வேண்டும். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசில் படுவதில்லை. கண் நன்றாகத் தெரியும், ஆனாலும் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்பார்கள். கவனிக்காத இடத்தில் 'பெரியவருக்குப் பசியே இல்லை' என்று எழுதி வைப்பார்கள். கவனிக்கிற இடத்தில் தட்டைத் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டுக்கொள், இல்லத்திலும் இதைச் சொல்லி அவர்கள் முகத்தைப் பார்.

பயிற்சி எவ்வளவு நேரம் என்று கட்டாயம் கேள். பக்கவாதத்துக்குப்பின் நாளுக்கு 3 மணி நேரமாவது, வாரம் 5 நாளாவது தேவைக்கேற்ற பயிற்சி தர வேண்டும் என்று இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகள் வகுக்கும் நைஸ் அமைப்பு 2023இல் பரிந்துரை வெளியிட்டது. அதை எட்டுவது அந்த நாட்டிலேயே சுலபமில்லை. இருந்தாலும், தினம் இருபது நிமிஷம் கை காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவதற்குப் பயிற்சி என்று பெயர் சொன்னால் சிரிக்கவாவது உனக்கு ஓர் அளவு வேண்டாமா? அந்த 3 மணி போக மிச்சம் 21 மணி நேரம் இருக்கிறது, நான் மேலே எழுதிய பொத்தானும் கரண்டியும் அந்த நேரத்தில் நடப்பவை.

எண்களை நம்பாதே என்று சொல்லவில்லை, எந்த எண் என்று பார். நீ அனுப்பிய விளம்பரம் ஒன்றில் 'இரண்டு வருடமாக ஒருவர்கூடக் கீழே விழுந்ததில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்ததும் பயமாகிவிட்டது. நடை பழகுகிற கிழவர்கள் இருக்கும் இடத்தில் ஒருவர்கூட விழவில்லையென்றால் ஒருவரையும் நடக்கவிடவில்லை என்றுதானே அர்த்தம்? கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி, வீல்சேரில் இடுப்புப் பட்டை, ராத்திரியானால் தூங்க ஒரு மாத்திரை. விழவே மாட்டார்கள்தான். 'விழுந்தால் என்ன செய்வீர்கள், காரணம் என்னவென்று யார் எழுதி வைப்பார்கள்' என்று கேட்டால் விஷயம் வரும். மாத்திரைச் சீட்டையும் ஒவ்வொரு வாரமும் வாங்கிப் பார். மறதி நோயுள்ள முதியவர்களை அடக்கி வைக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகளால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005லேயே எச்சரித்தது. அப்பாவுக்கு மறதி இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் புதுசாக ஒரு மாத்திரை சேர்ந்தால் ஏன் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு.

நட்சத்திர மதிப்பீடுகள் பற்றியும் கேட்டிருந்தாய். அமெரிக்காவில் 2008லிருந்து அரசே முதியோர் இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போடுகிறது. வெளியார் சோதனை, ஆள்பலம், நோயாளிகளின் நிலை என்று மூன்று பங்கு. தொடக்கத்தில் எத்தனை ஆள் என்பதை இல்லங்களே எழுதிக் கொடுத்தன, சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது பிற்பாடுதான் வந்தது. ஆகவே யார் எண்ணியது என்று கேட்காமல் எந்த நட்சத்திரத்தையும் எண்ணாதே.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த விஷயத்தில் பலிக்காது. காலைப் பானை வேறு, ராத்திரிப் பானை வேறு. அவர்கள் சுற்றிக் காட்டும் நேரம் காலை பதினொரு மணி, எல்லாரும் குளித்து முடித்து எல்லா ஊழியரும் இருக்கும் நேரம். நீ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போ. முடிந்தால் ராத்திரி எட்டுக்கு மேலும் ஒரு தடவை. எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்காமலே தெரியும், மணிச் சத்தம் எவ்வளவு நேரம் நிற்காமல் அடிக்கிறது என்று காதில் வாங்கினாலே போதும். அட்டெண்டரோடு தனியாக இரண்டு வார்த்தை பேசு, இங்கே எத்தனை வருஷமாக இருக்கீங்க என்று. மூன்று பேரைக் கேட்டு மூன்று பேரும் போன மாசம் சேர்ந்தவர்கள் என்றால், பழையவர்கள் ஏன் போனார்கள் என்று யோசி. சேர்த்தபிறகு போகிற நாளெல்லாம் அப்பாவின் குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் உன் கண்ணால் பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்து. அழுத்தியும் சிவப்பு வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் முதல் படி. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினோம் என்று சார்ட்டில் டிக் அழகாக இருக்கும், குதிகால் பொய் சொல்லாது.

பணம் பற்றி ஒரு வரி. மாதத் தொகையில் எது சேராது என்பதை எழுத்தில் வாங்கிவிடு. அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

உன் தம்பி 'பெத்தவரைக் கொண்டுபோய் விடுதியில விடுறதா' என்று சண்டை போட்டதை எழுதியிருந்தாய். எங்கள் வீட்டிலும் நடந்தது. வீட்டுக்கே கூட்டிவந்தால் நாமும் முதல் இடத்தைப் போலத்தான் இருந்திருப்போம் என்று நான் அக்காவிடம் சொன்னேன். பாசத்தில் ஓடி ஓடி எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவோம். 1976இல் லாங்கர், ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், இங்கே உங்கள் காரியங்களை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு மாடியில், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, செடியையும் கொடுத்து, தண்ணீரை நர்ஸே ஊற்றினார். சில வாரங்களில் முதல் மாடிக்காரர்கள்தான் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். தம்பியிடம் இதைச் சொல். கேட்கமாட்டான், இருந்தாலும் சொல்.

அம்மா இப்போது வீட்டில் வாக்கரோடு வாசல்வரை போகிறாள். ராத்திரி மட்டும் துணை வேண்டும், படி ஏற முடியாது. டிஸ்சார்ஜ் அன்று 75 போட்டார்கள். பழைய அம்மா திரும்பிவிட்டாள் என்று பொய் சொல்லமாட்டேன். பொத்தான் போட இன்னும் பத்து நிமிஷம் ஆகிறது, நான் பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். உன் அப்பாவைப் பற்றிச் சொன்னதும், 'சைக்கிள்காரரா?' என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுது. ஒன்று மறந்துவிட்டேன். அறையில் சுவர்க் கடிகாரம் இருந்தால் அது சரியான நேரம் காட்டுகிறதா என்று பார்த்து வா. அம்மா இருந்த முதல் அறையில் அது மூன்று வாரமும் நாலே கால் காட்டிக்கொண்டே இருந்தது. தினம் பார்த்த நானும் பேட்டரி வாங்கிப் போடவில்லை.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்