கேலி பண்ணக் காரணம் தெரிய வேண்டும்

மதுரை

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல். போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் லீட்ஸ் போனதும் கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் கூட்டத்தில் சேர்ந்தாயே, நல்ல காரியம். சேர்ந்த முதல் வாரமே ஒரு அம்மாள் உன் அட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு "பாவம், கொட்டாவி விடுகிறதே, தூங்கவிடு" என்று எழுதிவிட்டாராம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இது சிநேகமா, மட்டம் தட்டுறதாம்மா?" என்று கேட்டாய். அடுத்த மூச்சிலேயே "மடிப்பு ஏன் மூடவே மாட்டேங்குது?" என்றும் கேட்டாய். உனக்கு இரண்டு கேள்வியாகத் தெரிகிறது. எனக்கு ஒன்றுதான்.

கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் சீண்டாமல் இருக்கமாட்டார்கள். ஆனால் அதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குறையைச் சொல்லிச் சிரிக்கிறவருக்கு அந்தக் குறை ஏன் வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். திருப்பிக் கேட்டால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் சிரிக்கிறவரை அங்கே யாரும் சட்டை செய்வதில்லை. அந்த அம்மாள் கொட்டாவி என்றதும் நீ "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரைமணி நேரம் பாடம் நடத்தியிருப்பார். அவருக்குப் பதிலாக நான் நடத்துகிறேன்.

அட்டைத்தாள் ஆலையில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசையிலேயே படுத்துவிடும். அச்சகத்தில் இதைக் கிரெய்ன் என்பார்கள். கிரெய்னோடு மடித்தால் தாள் சொன்ன பேச்சு கேட்கும். குறுக்கே மடித்தால் நார் முறியும், ஓரம் வெள்ளை வெள்ளையாக வெடிக்கும், அட்டையும் தானாக வாயைத் திறக்கும். தாளை ஒடிக்காமல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல உருட்டிப் பார். எப்போது இளக்கமாக உருள்கிறதோ, அப்போது அந்த உருளை எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுதான் கிரெய்ன். கடையில் கிடைக்கும் ஏ4 அட்டைகளில் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும். நீ என்ன செய்திருக்கிறாய்? ஏ4 தாளை அப்படியே இரண்டாக மடித்து ஏ5 அட்டை ஆக்கியிருக்கிறாய். மடிப்பு நேராகக் குறுக்கே விழுந்துவிட்டது. அதே தாளை முதலில் நடுவில் வெட்டி இரண்டு ஏ5 துண்டாக்கு. ஒவ்வொன்றையும் 210 மில்லிமீட்டர் பக்கத்தில் 105-இல் மடி. இப்போது மடிப்பு கிரெய்னோடு போகும். ஒரு தாளுக்கு இரண்டு ஏ6 அட்டை கிடைக்கும், இரண்டும் வாயை மூடிக்கொண்டு இருக்கும். பெரிய ஏ5 அட்டைதான் வேண்டுமென்றால் ஏ3 வாங்கி நடுவில் வெட்டிக்கொள். அப்போது கிரெய்ன் உனக்குச் சாதகமாகத் திரும்பிவிடும். எதுவானாலும் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் எடு. 200-க்குக் கீழே போனால் மேலே இரண்டு அடுக்கு ஒட்டியதும் முன்பக்கக் கனத்தில் அட்டை நிற்காமல் முகங்குப்புற விழும்.

மடிக்கும் முன் ஸ்கோர் போர்டில், அந்தப் பள்ளக்கோடு உள்ள பலகையில், வைத்து அழுத்திக் கோடு போடுவாய் அல்லவா, அழுத்திய பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக வரும். மேடு உட்பக்கம் போகும்படி மடிக்க வேண்டும். பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். பள்ளத்துக்குள் மடிப்பதுதானே முறை என்று கை சொல்லும், கேட்காதே. மேடு உள்ளே போனால் தாளின் உள் அடுக்குகள் ஒதுங்க இடம் கிடைக்கிறது, வெளி அடுக்கு இழுபட்டு வெடிக்காது. இந்தப் பள்ளம் மேட்டுச் சண்டை அந்தக் கூட்டத்தில் ஓய்ந்ததே இல்லை. பேச்சு மந்தமாகிவிட்டால் யாராவது வேண்டுமென்றே "நான் பள்ளத்துக்குள்தான் மடிப்பேன்" என்று ஒரு வரி போடுவார்கள், அன்றைய சாயங்காலம் போய்விடும். நீயும் ஒருநாள் போட்டுப் பார்.

அடுத்து "தாடி". எழுத்துக்குத் தாடி முளைத்திருக்கிறது என்று எழுதினால், சூட்டில் உருகி எழுத்தை மேடாக்குகிற எம்பாசிங் பவுடர் எழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். காரணம், தாளில் இருக்கும் நிலைமின்சாரமும் உன் விரலின் எண்ணெயும். எழுத்து முத்திரையை அட்டையில் ஸ்டாம்ப் பண்ணும் முன்பு, முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைச் சின்னத் துணியில் முடிச்சுக் கட்டி அட்டை முழுக்க ஒற்றி எடு. பிறகு மெதுவாகக் காய்கிற எம்பாசிங் இங்க், வெர்சாமார்க் மாதிரி ஒன்றால் ஸ்டாம்ப் பண்ணு. சாதா டை இங்க் வேண்டாம், பவுடர் கொட்டுவதற்குள் காய்ந்துவிடும், எழுத்தில் பாதி காணாமல் போகும். பவுடரைத் தாராளமாகக் கொட்டி, ஒரு தாளின் மேல் கவிழ்த்து, பின்பக்கம் ஒரு சுண்டு சுண்டு. ஒட்டாததெல்லாம் டப்பாவுக்கே திரும்பப் போகட்டும். அதற்குப் பிறகும் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு புள்ளியைக் காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிடு. உருகியபின் எதுவும் செய்ய முடியாது.

பவுடரை உருக்கச் சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னை நேரே அட்டைமேல் காட்டி ஸ்விட்ச் போடாதே. பதினைந்து இருபது வினாடி வேறு பக்கம் காட்டிச் சூடேற்றிக்கொண்டு, பிறகு அட்டையிடம் கொண்டுவா. பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். மணல்மாதிரிச் சொரசொரப்பாக இருந்த எழுத்து ஒரு மூலையில் பளபளவென்று மாறும், அந்தப் பளபளப்பு ஈரம் பரவுவதுபோல நகரும். அது நகரும் வேகத்தில் உன் கையும் நகர வேண்டும். கடைசி எழுத்து மின்னியதும் எடுத்துவிடு. ஆசைப்பட்டு இன்னொரு சுற்று காட்டினால் பவுடர் தாளுக்குள் இறங்கிவிடும். மேடு போய், எண்ணெய் சிந்திய வடைத்தாள் மாதிரி தட்டையாகக் கறை மட்டும் நிற்கும். அட்டை வளைகிறதென்றால் சூட்டை அடிப்பக்கத்திலிருந்து காட்டிப் பார்.

கண்ணாடிமாதிரித் தெளிவாக இருக்கும் புது கிளியர் ஸ்டாம்ப் முத்திரை இங்க்கைப் பிடிக்காமல் முத்து முத்தாக உருட்டிவிட்டால் அது உன் கைத்தப்பு இல்லை, அச்சில் வார்த்தபோது மேலே படிந்த வழவழப்பு. பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் சரியாகும். இதற்கு அவர்கள் கேலி பண்ணமாட்டார்கள், எல்லோருக்கும் நடப்பது.

அதைப்போலவே எல்லோருக்கும் நடப்பது இன்னொன்று, முன்பக்கத்தை ஒட்டி முடித்துத் திறந்து பார்த்தால் அட்டை தப்பான பக்கம் திறக்கும். இதற்கு "இடக்கைக்காரர் அட்டை" என்று பெயர் வைத்துச் சமாளிப்பார்கள். தூக்கிப் போடாதே. மடிப்பில் வெட்டி முன்பக்கத்தை மட்டும் எடுத்து, நான்கு ஓரத்திலும் 3 மில்லிமீட்டர் நறுக்கி, புது அட்டைமேல் ஒட்டு. சுற்றி ஒரு கரை விட்டதுமாதிரி அழகாகவே இருக்கும். ஒட்டும்போது அகலமான இடத்துக்கு டபுள் சைடு டேப் போடு. பசை தடவினால் அதிலிருக்கிற தண்ணீரைக் குடித்துத் தாள் ஒரு பக்கமாக நீளும், அட்டை அப்பளமாகிவிடும். சின்னப் பூ, எழுத்துக்கெல்லாம் பசைதான் நல்லது. நகர்த்திச் சரிபண்ண நேரம் கொடுக்கும்.

இனி அந்த ஊர்ப் பேச்சு. பிரிட்டிஷ்காரர்கள் "நாட் பேட்" என்றால் நம் ஊரில் "பரவாயில்லையே!" என்பதுமாதிரி. உச்சியில் வைத்துப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள். "இன்ட்ரஸ்டிங் கலர்" என்றால் நிறம் பிடிக்கவில்லை. "பிரேவ்" என்றால் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஸ்டேஷ்" என்பது வாங்கிக் குவித்துவிட்டு வெட்ட மனசு வராத தாள் மூட்டை. நம் வீட்டில் பட்டுப்புடவை பீரோவில் தூங்குவதுபோல. புதிதாக ஒரு ஸ்டாம்ப் வந்திருக்கிறது என்று படம் போட்டு மற்றவர் பர்ஸைக் காலிபண்ண வைக்கிறவருக்கு "எனேப்ளர்" என்று பட்டம். அதைத் திட்டாகச் சொல்வார்கள், பட்டம் பெற்றவர் பெருமையாக வாங்கிக்கொள்வார். "மோஜோ போச்சு" என்றால் கை ஓடவில்லை என்று பொருள். அப்படிச் சொன்னவருக்கு ஆறுதல் எழுதாதே. மூன்று நிறத்தைச் சொல்லி, நாலு கட்டம் போட்ட ஒரு ஸ்கெட்ச்சை அனுப்பி, "நாளைக்குள் செய்" என்று அதட்டு. அதுதான் மருந்து. "கேஸ்" என்றால் பார்த்து, கொஞ்சம் மாற்றி, தனதாகச் செய்வது. திருட்டு இல்லை. ஆனால் யாருடையதைப் பார்த்துச் செய்தாய் என்று பெயர் போடாவிட்டால் திருட்டுதான்.

கிறிஸ்துமஸ் அட்டையை ஜனவரியிலேயே ஆரம்பிக்கிறவர்களும், டிசம்பர் நடுவில் விழித்துக்கொள்கிறவர்களும் என்று அந்தக் கூட்டம் இரண்டு கட்சி. எதிலும் சேராதே, இரண்டையும் சீண்டு. லண்டனில் 1843-இல் ஹென்றி கோல், ஜான் கால்கட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி ஆயிரம்போல அச்சடித்தாரே முதல் கிறிஸ்துமஸ் அட்டை, ஒன்று ஒரு ஷில்லிங், அதையே மதுவிலக்குக்காரர்கள் விடவில்லை. குடும்பத்தோடு குழந்தையும் ஒயின் குடிக்கிறமாதிரி படம் போட்டிருந்ததால் திட்டினார்கள். முதல் அட்டைக்கே அந்தக் கதி, உன் மடிப்புக்கு என்ன?

அட்டைப் பரிமாற்றத்தில், அதாவது எல்லோரும் நடத்துகிறவருக்கு அட்டை அனுப்பி, அவர் ஆளுக்கு ஆள் மாற்றித் திருப்பி அனுப்புகிறதில், பெயர் கொடுத்திருக்கிறாய் என்றாய். அங்கேதான் சிநேகம் நிற்கவும் செய்யும், முறியவும் செய்யும். கடைசித் தேதி என்பது போய்ச் சேரவேண்டிய தேதி, தபாலில் போடும் தேதி இல்லை. அட்டையின் பின்புறம் உன் பெயரைப் பென்சிலால் எழுது. நடத்துகிறவருக்குத் திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய கவரும் சேர்த்து வை. பிக்மென்ட் இங்க் காயாமல் செலோஃபேன் உறைக்குள் போட்டால் ஈஷிக்கொள்ளும், ஒரு ராத்திரி திறந்தே வை. 64-க்கு 89 மில்லிமீட்டர் அளவில் குட்டி அட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால் சரி என்று சொல். 1997-இல் ஸூரிக்கில் வாஞ்சி ஸ்டிர்னெமான் என்ற கலைஞர் தொடங்கிவைத்த பழக்கம். மாற்றிக்கொள்ளத்தான், விற்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. எனவே "எவ்வளவு பெறும்?" என்று மட்டும் கேட்டுவிடாதே.

தபாலில் எடையைவிடக் கனம்தான் காலை வாரும். அந்த ஊர்த் தபால் சேவையான ராயல் மெயிலில் சாதா லெட்டர் என்றால் 240-க்கு 165 மில்லிமீட்டர், கனம் 5 மில்லிமீட்டர், எடை 100 கிராம் வரை. உன் ஏ6 அட்டை 9 கிராம் சொச்சம், சி6 கவரோடு 15-க்குள் அடங்கும். ஆனால் கனத்தைக் கூட்டிப் பார். மடித்த அட்டை முக்கால் மில்லிமீட்டர், மேல் அடுக்கு இரண்டு இன்னொரு முக்கால், அடுக்கைத் தூக்கி நிறுத்தும் ஃபோம் டேப் 2, கவர் கால். நாலைத் தொடவில்லை, போகும். அழகாக இருக்கிறதே என்று ஃபோமுக்குமேல் ஃபோம் வைத்தாயானால் 5-ஐத் தாண்டி, கூடுதல் தபால்தலை கேட்கிற லார்ஜ் லெட்டர் ஆகிவிடும். தபால்தலை குறைந்தால் வாங்குகிறவர் வீட்டுக்குக் காசு கட்டச் சொல்லிச் சீட்டு போகும். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர்கள் சிரிக்கமாட்டார்கள். 8 அங்குலச் சதுர அட்டை 203 மில்லிமீட்டர், அது எப்போதும் லார்ஜ்தான். 6 அங்குலம் தப்பிக்கும். மொய்க் கவர் நினைப்பில் ஒரு ரூபாய் நாணயமும் ஒட்டிவைக்காதே, ஊர்வாரியாகக் கவர் பிரிக்கும் மெஷினில் சிக்கும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. யாராவது வீட்டில் துக்கம் என்று செய்தி வந்தால் பேச்சு அப்படியே மாறிவிடும். கேட்காமலே எல்லோரும் ஆளுக்கொரு அட்டை அனுப்புவார்கள். நீயும் அனுப்பு. மினுக்குப் பொடி வேண்டாம், பளபளக்கும் எம்பாசிங் வேண்டாம், ஒரு கிளை, ஒரு பூ போதும். அடர்நிறத் தாள் என்றால் உள்ளே 100 ஜிஎஸ்எம் வெள்ளைத்தாள் ஒன்றை ஓரத்தில் மட்டும் ஒட்டிவை, கையால் எழுத இடம் வேண்டும். அச்சு வாசகத்தோடு நிறுத்தாதே, இரண்டு வரி உன் கையெழுத்தில் இருக்கட்டும். கைநடுக்கம் உள்ளவர்களின் கோணல் வெட்டைப் பற்றியும், முதல் அட்டை போடுகிறவர்களிடமும் கேலி கிடையாது. உன்னைச் சீண்டினார் என்றால் நீ முதல் அட்டைக்காரி இல்லை என்று அவர் கணக்கு வைத்துவிட்டார் என்று பொருள்.

இதோடு ஒரு ஏ6 அட்டை வைத்திருக்கிறேன். அதில் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டிருக்கிறேன், மடிப்பில் இல்லை. கண்டுபிடித்து எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணு, காரணத்தோடு எழுது.

அன்புடன்,
அம்மா