அந்த மூன்றாவது பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியின் வரலாற்றை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஸ்கேன் கருவிகளைப் பழுதுபார்த்தே காலம் தள்ளியவன் நான். கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டைக் கட்டுரையாளர் கொண்டாடியிருப்பது முழுக்க நியாயம். ஆனால் அவருக்குக் கருவியைக் கட்டிக்கொடுத்த டாம் பிரவுனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1956இல் பிரவுனுக்கு வயது 23. உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் விரிசலை மீயொலியால் (காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட் ஒலியால்) கண்டுபிடிக்கும் கருவிகளைச் செய்த கெல்வின் அண்டு ஹியூஸ் நிறுவனத்தில் வேலை. அப்படியொரு கருவியால் ஒரு பேராசிரியர் நோயாளிகளின் வயிற்றைச் சோதிக்கிறார் என்று பேச்சுவாக்கில் காதில் விழுந்ததும், டெலிபோன் டைரக்டரியில் டொனால்டின் எண்ணைத் தேடி அவரே பேசிவிட்டார்.

போய்ப் பார்த்தால், கருவி பழசு. ஒலித்துடிப்பை அனுப்பிய அதிர்ச்சியில், எதிரொலியை வாங்கும் ரிசீவர் கொஞ்ச நேரம் திணறும். பக்கத்திலிருந்து வரும் எதிரொலிகள் அதற்குள் தொலைந்துபோகும். அதனால் டொனால்டு வயிற்றின் மேல் தண்ணீர் நிரப்பிய குழாயை நிறுத்தி, தூரத்தைக் கூட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒலியை அனுப்ப ஒரு படிகம், எதிரொலியை வாங்க ஒரு படிகம் உள்ள நல்ல கருவியைப் பிரவுன் கொண்டுவந்து கொடுத்தார். சரி, அத்தோடு நின்றாரா? திரையில் எழும் முள் முள்ளான கோடுகளை வைத்து ஊகிப்பது போதாது, உடலின் குறுக்குவெட்டு படமாகவே வரவேண்டும் என்று இறங்கிவிட்டார்.

உடலின் மேல் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் புரோப் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அப்போதைக்கப்போது மின்னழுத்தமாக மாற்றியாக வேண்டும். கோணத்தின் சைனையும் கொசைனையும் தரும் பொட்டென்ஷியோமீட்டர்களை (திருப்பத் திருப்ப மின்னழுத்தத்தை மாற்றும் பாகங்களை) புரோப்பைத் தாங்கும் சட்டகத்தில் பொருத்தி, திரையில் ஒளிக்கோடு எங்கே கிளம்பி எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதை அவற்றிடமே விட்டார். உடலுக்குள் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஒலிக்குச் சுமார் 13 மைக்ரோநொடி ஆகும். கணினி இல்லாத, வால்வு எனும் வெற்றிடக் குழாய்களின் காலத்தில் இந்தக் கணக்கு தப்பாமல் ஓடியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வம்சத்துக் கருவி ஒன்றைச் சரிசெய்தேன். படத்தில் சிறுநீர்ப்பையின் சுவர் இரண்டாகத் தெரிந்தது. பிரித்துப் பார்த்தால், புரோப்பைத் தாங்கும் கருவிக் கையின் மூட்டிலிருந்த ஒரே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

புரோப்பை வயிற்றின் மேல் இழுத்துக்கொண்டே இப்படியும் அப்படியும் ஆட்டவேண்டும். உள்ளே இருக்கும் சுவர்கள் பலவும் கண்ணாடி மாதிரி; ஒலி நேராகப் பட்டால்தான் வந்த வழியே திரும்பும். ஆட்ட ஆட்ட ஒவ்வொரு கோணத்திலும் ஒரு துண்டு சிக்கும். ஷட்டரைத் திறந்தே வைத்த கேமரா அத்தனையையும் ஒரே பிலிமில் சேர்த்துக்கொள்ளும். இன்று ஜெல் தடவுகிறோமே, அவர்கள் ஆலிவ் எண்ணெய் தடவினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் டக்ளஸ் ஹவ்ரி உருவாக்கிய கருவியில் நோயாளி தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கவேண்டும். நல்ல படம் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் நிறைமாதக் கர்ப்பிணியையும் உடம்புக்கு முடியாதவர்களையும் எப்படி இறக்குவது? புரோப்பை நேரே தோலில் வைத்ததால்தான் ஸ்கேன் படுக்கையருகே வந்து சேர்ந்தது.

1958 ஜூன் 7 லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுக்கட்டுரையில் மூன்று பெயர்கள் உண்டு: டொனால்டு, ஜான் மெக்விகார், அப்புறம் பிரவுன். இரண்டு மருத்துவர்களோடு ஒரு எஞ்சினியர். பிரவுன் 2019இல் காலமானார். அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது அவரைப் பற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்