ஃபுல் சிக்னல் இருந்தும் வைஃபை ஏன் இழுக்குது?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல வீட்டு இன்டர்நெட் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். வைஃபை ஸ்லோவா இருந்தா பவர் ஜாஸ்தியான ரூட்டர் வாங்குங்க, பத்தலன்னா ஒரு ரிப்பீட்டர் (சிக்னல வாங்கி திருப்பி அனுப்புற பெட்டி) சேத்து மாட்டுங்கன்னு சொல்லியிருந்தாங்க. பல வருஷமா நெட்வொர்க் வேலை பாக்குறவன் நான், இதே யோசனைய நம்பி காச செலவு பண்ணிட்டு அப்புறமும் அவதிப்படுறவங்கள நிறைய பாத்துட்டேன், அதான் எழுதுறேன். சிக்னல் கோடு அஞ்சும் நிறைஞ்சிருக்கும், ஆனா வீடியோ கால் உறைஞ்சு நிக்கும். அந்த மாதிரி நேரத்துல பெரும்பாலும் உங்க போன் பேச முடியாம இல்ல, பேச முறை வராம காத்துக்கிட்டு இருக்கு.

ஒரு சேனல்ல, அதாவது வைஃபை பேசுற ரேடியோ அலைவரிசைல ஒரு துண்டுல, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், ரெண்டு பேர் சேர்ந்து பேசினா பெரும்பாலும் ரெண்டுமே வீண். 1971ல ஹவாய் பல்கலைக்கழகத்துல அலோஹான்னு ஒரு ரேடியோ நெட்வொர்க் ஓட்டினாங்க, அதுல யாருக்கு எப்ப தோணுதோ அப்ப அனுப்பலாம், மோதிடுச்சுன்னா கொஞ்சம் விட்டு திருப்பி அனுப்பணும். கணக்கு போட்டு பாத்தா சேனலோட நேரத்துல அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியா தேறும். மீதி மோதலுலயும் சும்மா கிடக்கிறதுலயும் போயிடும்.

கம்ப்யூட்டர்கள இணைக்கிற பழைய ஈதர்நெட் கேபிள்ல அனுப்பிக்கிட்டே மோதுதான்னு கவனிக்க முடிஞ்சது. காத்துல அது நடக்காது, ஏன்னா நம்ம ஆன்டெனால இருந்து போற சிக்னல் தூரத்துல இருந்து வர்றத விட கோடி மடங்கு பலமா இருக்கும், நம்ம சத்தத்துல அடுத்தவன் குரல் காதுலயே விழாது. அதனால 1997ல வந்த 802.11ங்கிற வைஃபை விதி, மோதின பிறகு கண்டுபிடிக்கிறத விட்டுட்டு மோதாம பாத்துக்கிற வழிக்கு போச்சு. முதல்ல காது கொடுத்து கேக்கணும். வைஃபை ஓடுற அலைவரிசை தொகுப்புகள்ல (பேண்டு) ஒண்ணான 5 கிகாஹெர்ட்ஸ்ல அடிப்படை கணக்குப்படி 34 மைக்ரோ செகண்ட் அமைதியா இருந்தா, 0ல இருந்து 15க்குள்ள சீட்டு குலுக்குற மாதிரி ஒரு நம்பர் எடுத்து, 9 மைக்ரோ செகண்டுக்கு ஒண்ணா குறைச்சுக்கிட்டே வரணும், நடுவுல வேற யாராவது பேச ஆரம்பிச்சா எண்ணிக்கைய அங்கயே நிறுத்தி வச்சு அவங்க முடிச்சப்புறம் விட்ட இடத்துல இருந்து தொடரணும், பூஜ்யம் வந்தா அனுப்பலாம். வந்து சேர்ந்துச்சுன்னு எதிர்பக்கம் இருந்து பதில் வரலன்னா மோதிடுச்சுன்னு வச்சுக்கிட்டு அந்த 15 அடுத்து 31, 63ன்னு ஏறி 1023 வரைக்கும் போகும். அந்த பதில் மட்டும் 16 மைக்ரோ செகண்ட்லயே கிளம்பிடும், மத்தவங்க 34 காத்திருக்கணும்ங்கிறதால நடுவுல யாரும் புகுந்துட முடியாது. மேஸ்திரியே இல்லாம வெறும் இடைவெளிய வச்சே வரிசை கட்டுறாங்க பாருங்க, இத்தன வருஷம் கழிச்சும் எனக்கு இது பிரமிப்பா இருக்கு.

ஆனா இந்த விதி முறைய சமமா பங்கு போடுதே தவிர நேரத்த சமமா போடல. 1500 பைட் பாக்கெட் (டேட்டாவ துண்டு போட்டு அனுப்புற பொட்டலம்) ஒண்ண 54 எம்பிபிஎஸ் வேகத்துல அனுப்ப கால் மில்லி செகண்ட் கூட ஆகாது, அதே பாக்கெட்ட 1 எம்பிபிஎஸ்ல அனுப்ப 12 மில்லி செகண்ட் ஆகும். மூலைல கிடக்கிற ஒரு பழைய சாதனம் தன் முறை வரும்போதெல்லாம் அம்பது மடங்கு நேரத்த எடுத்துக்கும், புது போன் வச்சிருக்கிறவரும் அது முடியுற வரைக்கும் நிக்கணும்.

இப்ப கட்டுரைல சொன்ன ரிப்பீட்டருக்கு வரேன். அதே சேனல்லயே வாங்கி அதே சேனல்லயே அனுப்புற வகையா இருந்தா ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவ போகும். ஏற்கனவே நெரிசலான இடத்துல நெரிசல் இன்னும் கூடும். (கேபிள்லயோ தனி பேண்டுலயோ ரூட்டரோட பேசுற வகைக்கு இது பொருந்தாது.) பவர் கூட்டுறதும் அப்படித்தான், ரூட்டர் கத்தினா தூரத்து போனுக்கு கேக்கும், அந்த போனால திருப்பி கத்த முடியாது, ஆனா அதே சேனல்ல இருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் இவர் சத்தத்துக்காக வாய மூடிக்கிட்டு காத்திருக்கணும். ஒரு ஆபீஸ்ல நாலு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் குடுக்குற பெட்டி) ஒரே சேனல்ல ஃபுல் பவர்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு, ரெண்ட அணைச்சு மீதி ரெண்டுல பவர குறைச்சு வேற வேற சேனல் கொடுத்தேன், அன்னிக்கே கால் கட்டாகுறது நின்னுச்சு.

வைஃபையோட இன்னொரு பேண்டான 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11ங்கிற சேனல் மூணுதான் ஒண்ணோட ஒண்ணு உரசாதது. யாரும் இல்லன்னு நினைச்சு 3ல வைக்கிறவங்க ரெண்டு பக்கமும் இரைச்சல்தான் உண்டாக்குறாங்க, ஒரே சேனல்ல இருந்தாலாவது ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்கு புரிஞ்சு முறை எடுத்துப்பாங்க.

2021ல நிறைவேறின 802.11ஏஎக்ஸ், அதாவது வைஃபை 6, மொபைல் டவர் மாதிரி ரூட்டரே சேனல சின்ன சின்னதா கூறு போட்டு யார் எப்ப அனுப்பணும்னு சொல்ற வசதிய கொண்டு வந்துச்சு. நல்ல முன்னேற்றம்தான், ஆனா பழைய சாதனங்களுக்கு அந்த கட்டளை புரியாது, அதுங்க இன்னும் சீட்டு குலுக்கிக்கிட்டுதான் இருக்கும்.

அதனால அந்த கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கன்னு கேட்டுக்கிறேன். நகராத டிவி, கம்ப்யூட்டர கேபிள்ல மாட்டுங்க, முடிஞ்சத எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, 2.4ல அந்த மூணு சேனல தாண்டி போகாதீங்க, இத்தனையும் செஞ்சு பாத்துட்டு அப்புறம் புது ரூட்டர் வாங்குறத பத்தி யோசிங்கன்னு நாலு வரி போட்டா போதும். வேணும்னா நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்