களைப்போடு வாழக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். முடக்குவாதத்தோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். மூட்டுவலி என்றால் எவருக்கும் புரிகிறது; இரவெல்லாம் உறங்கி எழுந்த பின்பும் ஈரச்சாக்கைப் போர்த்தியதுபோல் உடம்பை அழுத்தும் களைப்பைச் சோம்பல் என்றே பலரும் எண்ணினார்கள். நானும் அப்படியே எண்ணி, என்னை நானே வைதுகொண்டிருந்தேன்.

அந்தக் களைப்பும் மூட்டுகளை வீங்கவைக்கும் அழற்சியோடு தொடர்புடையதே, அது நோயின் ஓர் அங்கம் என்று எடுத்துச் சொல்லி, மருந்தை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்ற கண்டிப்போடு விழிப்புணர்வுத் தியான வகுப்புக்கு அனுப்பிவைத்த என் மருத்துவருக்கு முதல் நன்றி.

சிகிச்சையால் முழு நிவாரணம் கிடைக்காத நாட்பட்ட நோயாளிகளுக்காக, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வாரப் பயிற்சி அது. படுத்தபடியே இடக்கால் விரலில் தொடங்கி உச்சந்தலைவரை கவனத்தை மெல்ல நகர்த்த வேண்டும். முதல் வாரம் முழுவதும் நான் முழங்காலைத் தாண்டுவதற்குள் உறங்கிப்போனேன். மன்னிப்புக் கேட்டபோது, "உடம்புக்குத் தூக்கம் தேவைப்பட்டிருக்கிறது; விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள் அம்மா" என்றார் ஆசிரியை. என் களைப்பை ஒருவர் குற்றமாகக் கருதாமல் பேசியது எனக்குப் புதிது. வாரங்கள் செல்லச் செல்ல, மணிக்கட்டில் விண்ணென்று தெறிக்கும் வலி வேறு, 'நாளைக்கும் இப்படித்தானா' என்று அதன்மேல் ஏறி அமரும் அச்சம் வேறு என்பது தெளிவாயிற்று. வலி குறைந்துவிடவில்லை, அச்சம் பிடியைத் தளர்த்தியது.

ஓய்ந்து விழுந்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, களைப்பு தலைகாட்டும்போதே வேலையை நிறுத்திவிடச் சொன்ன வகுப்புத் தோழர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இன்றும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகார மணி அடிக்கும்படி வைத்து, அப்போது மூன்று மூச்சைக் கவனித்த பின்னரே தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறேன்.

என் கணவருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. காலையில் விரல்கள் மடங்க மறுக்கும். முன்பெல்லாம் பதறி ஓடிவந்து பொத்தானை அவரே மாட்டிவிடுவார். என் கண் கலங்கும். பயிற்சியைப் பற்றிக் கேட்டறிந்த பின், அருகில் அமர்ந்து, நான் கேட்கும்வரை கைநீட்டாமல் காத்திருக்கிறார். நேற்று நான்கு பொத்தான்களை நானே மாட்டினேன். ஐந்தாவதை அவரிடம் கேட்டேன், கேட்பதற்குக் கூச்சம் இல்லாமல்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் மாணவி