வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்தப் பச்சை கேன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் பல்லடம் ரோட்டில் இருக்கும் நம் வாட்டர் சர்வீசை உங்களில் பலருக்கு அப்பா காலத்திலிருந்தே தெரியும். 1996-ல் ஒரே ஒரு சிமெண்ட் ரேம்ப்போடு ஆரம்பித்த கடை. அன்று ஸ்கூட்டரில் வந்தவர்கள் இன்று மகனுடைய காரை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பத்து நாளாக, சாவியைக் கையில் கொடுக்கும் முன்பே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "ஏனுங்க, உங்க கடைல பாத்திரம் விளக்கற சோப்புப் போட்டுத்தான் காரு கழுவறீங்களாமா?" கேட்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்காமலே கையை மட்டும் காட்டிவிட்டு நேரே போய்விடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவை எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். ஒரு கறுப்பு கார், மேலெல்லாம் நுரை, பக்கத்தில் தரையில் ஒரு பச்சை கேன். கேன் நம்முடையதுதான். உள்ளே இருப்பதும் பாத்திரம் கழுவுகிற லிக்விட்தான். ஆனால் காரின் மேல் இருக்கிற நுரை அந்தக் கேனிலிருந்து வந்ததில்லை. அது நுரையைப் பீச்சியடிக்கிற ஃபோம் கன்னில் ஊற்றிய கார் ஷாம்பு. அப்படியானால் கேன் ஏன் அங்கே இருந்தது? டயருக்கு, அதற்கு மேலே வளைவாக இருக்கிற வீல் ஆர்ச்சில் அப்பியிருக்கிற கிரீசுக்கு, ரப்பர் மேட்டுக்கு. ரேம்ப்பில் சிந்திய ஆயிலைக் கழுவுவதும் அதில்தான். எங்கள் டீ டம்ளர் கழுவுவதும் அதில்தான், இதையாவது நம்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

வீடியோவில் பேசுகிறவர், "பத்து ரூபா சோப்புல கழுவிட்டு ஐந்நூறு வாங்கறான்" என்கிறார். போகட்டும். ஒரு காருக்கு எனக்கு ஷாம்பு செலவு பத்து, பன்னிரண்டு ரூபாய். பாத்திர லிக்விட் என்றால் நாலு ரூபாயில் முடியும். இந்த ஏழெட்டு ரூபாய்க்காக இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் சேர்த்த பெயரை யாராவது விற்பார்களா? அதுவும் போகட்டும். கடைசியில், "இவனப்பன் காலத்துல இருந்தே இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொல்கிறார். அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அப்பா சோப்புப் போட்டுத்தான் கார் கழுவினார், உண்மை. துணி சோப்பைச் சீவி, சுடுதண்ணீரில் கரைத்து, பக்கெட்டில் நுரைக்கவிட்டு வைத்திருப்பார். அன்று எங்கள் ரேம்ப்பில் ஏறியவை பெரும்பாலும் அம்பாசிடரும் மாருதி 800-ம் பனியன் கம்பெனி வேன்களும். பழைய அம்பாசிடருக்கு இருந்தது ஒரே வகைப் பெயிண்ட், நிறமும் பளபளப்பும் அதிலேயே. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் வண்டியின் நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். மங்கினால் மறுபடியும் பாலிஷ், அவ்வளவுதான் வைத்தியம். கார் ஷாம்பு என்ற ஒன்றை அந்தக் காலத்தில் நான் எங்கள் கடையில் பார்த்ததில்லை. ஒரு எக்ஸ்போர்ட் முதலாளியின் மெட்டாலிக் கலர் கார் முதல்முறை வந்த அன்று, அப்பா அதைக் கையால் தொடவே பயந்து, டிரைவரை உட்கார வைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்பி ஷாம்பு வாங்கி வரச் சொன்னார். சர்வீசுக்கு வாங்கியதைவிட பஸ் செலவும் ஷாம்பு விலையும் அதிகம். அந்த மனிதரைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

மதியம் சோற்றுக்கு உட்காரும்போது அப்பாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சோப்புத் தண்ணீர் தோலில் இருக்கிற எண்ணெயை எடுத்துவிடும். அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை இலைக்குப் பக்கத்திலேயே வைப்பார். காருக்குப் பாத்திர லிக்விட் போட்டால் நடப்பதும் இதேதான்.

பாத்திர லிக்விடை நம் ஊரில் குடிசைத் தொழிலாகவே செய்கிறார்கள். அழுக்கை எடுக்கிற மூலப்பொருளான ஆசிட் சிலரியைக் காஸ்டிக் சோடா போட்டுச் சமன் செய்து, கெட்டியாக உப்பைச் சேர்த்து, நிறமும் எலுமிச்சை வாசனையும் விட்டால் தயார். அதன் வேலை கொழுப்பைப் பிடித்து இழுத்துத் தண்ணீரோடு அனுப்புவது. அது வடைச்சட்டி எண்ணெயா, பெயிண்டைக் காக்கக் காரின் மேல் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட வாக்ஸா (மெழுகுப் பூச்சா) என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் வழித்துக்கொண்டு போகும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வாக்ஸ் இருக்கிற பானெட்டில் தண்ணீர் விட்டால் சேம்பு இலையில் உருளுகிற மாதிரி துளி துளியாக ஓடும். வாக்ஸ் போய்விட்டால் பாய் விரித்த மாதிரி அப்படியே படுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு தடவை பாத்திர லிக்விட் போட்டதால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதும் பொய்தான். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது. பொதுவாக 40, 50 மைக்ரான் கனம், தலைமுடியைவிட மெல்லியது. அதை லிக்விட் கரைக்காது. பழைய வாக்ஸை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போட, தெரிந்தே பாத்திர லிக்விட் போடுகிற, காரை மெருகேற்றும் டீடெய்லிங் ஆட்களும் இருக்கிறார்கள். வாராவாரம் போட்டால்தான் வம்பு. அப்புறம், லிக்விடில் வழுவழுப்பு போதாது. கார் ஷாம்பு மண்துகளுக்கும் பெயிண்டுக்கும் நடுவே வழுக்கலாக நின்று மண்ணை நழுவவிடும். மற்றதில் மண் துணியோடு சேர்ந்து உரசும்.

பாத்திர சோப்புக் கட்டி வேறு கதை. அதில் தேய்ப்பதற்கென்றே கல்மாவு மாதிரியான பொடி சேர்க்கிறார்கள். போன ஆயுத பூஜைக்கு ஒரு வாடிக்கையாளரின் பையன், அப்பாவுக்கு உதவி செய்கிறேன் என்று கட்டி சோப்பும் பச்சை நிற ஸ்க்ரப்பருமாகக் கதவு நாலையும் தேய்த்துவிட்டான். நாங்கள் ரெண்டு நாள் பாலிஷ் போட்டும் பாதிதான் போனது. அந்தப் பையனை யாரும் திட்ட வேண்டாம் என்று அன்றே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

சரி, அந்தக் கறுப்பு கார். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய கோடுகள் தெரிகின்றன என்பதுதான் வீடியோவில் பேசுகிறவருடைய புகார். கோடு இருக்கிறது, நானும் பார்த்தேன். ஆனால் ஷாம்புவோ லிக்விடோ தானாகக் கோடு போடாது, மண்தான் போடும். அவர் குடியிருக்கிற அபார்ட்மெண்டில் தினமும் விடியற்காலை ஒருவர் ஒரே பக்கெட், ஒரே துணியில் பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைக்கிறார். முதல் வண்டியின் தூசி பதினைந்தாவது வண்டி வரை போகும். துணியும் நம்ம ஊர் பனியன் வேஸ்ட், தையல் மடிப்போடு. துடைக்கிறவரைக் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளத்துக்கு அவர் வேறு என்ன செய்வார்? ஆனால் தண்ணீர் அடித்து மண்ணை இறக்காமல் தினம் தினம் துடைத்தால், கறுப்பு வண்டியில் ஆறே மாதத்தில் வலை விழுந்துவிடும். வெள்ளை வண்டியிலும் விழும், கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷம் நம்மோடு இருந்த மாஸ்டர் அண்ணன் வைகாசியில் சொந்த ஊருக்கே போய்விட்டார். ஷாம்பு கலக்குவது, எந்த வண்டிக்கு எந்தத் துணி என்று பார்ப்பது எல்லாம் அவர் கைதான். அவர் போன புதிதில் ஷாம்பு கேன் வரத் தாமதமான ஒரு வாரத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி சில வண்டிகளுக்குப் பச்சை கேனையே எடுத்துவிட்டான். அந்த வாரம் வந்தவர்கள் ஒரு போன் செய்யுங்கள், வாக்ஸ் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். இந்தக் கறுப்பு கார் அதில் இல்லை.

வீட்டில் கழுவுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வியாபாரம் போனாலும் பரவாயில்லை. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். நம் போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புத் திட்டு விழும், அதைச் சுரண்டினால் கோடு. முதலில் வெறும் தண்ணீரை நன்றாக அடித்து மண்ணை இறக்குங்கள். சோப்புக்கு ஒரு பக்கெட், துணியை அலசத் தனி பக்கெட். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், டயரைக் கடைசியில் தொடுங்கள், அந்தத் துணியை மறுபடி மேலே கொண்டுபோகாதீர்கள். பறவை எச்சம் இருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவிடுங்கள். ஷாம்பு இல்லை, அவசரம், பாத்திர லிக்விட்தான் இருக்கிறது என்றால் ஒரு பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் விட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், குடி முழுகிவிடாது. அடுத்த ஞாயிறு வாக்ஸ் போட்டுவிடுங்கள்.

வீடியோ வந்த மறுநாளே மூன்று வண்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி, "நீ கழுவுப்பா, நாங்க இருக்கோம்" என்று டீ வாங்கிக் கொடுத்த அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன சொல்ல? அப்பாவின் படத்துக்கு அன்று நான் பூ மாற்றினேன். கொரோனா சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோது, கழுவாத வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனவர்களையும் மறக்கவில்லை. உங்கள் வண்டியைக் கழுவும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஷாம்பு கேனின் மூடியைத் திறந்து மோந்தும் பார்க்கலாம்.

என்றும் உங்கள்,
பல்லடம் ரோடு வாட்டர் சர்வீஸ்காரர்

பின்குறிப்பு: ஆயுத பூஜைக்கு முந்தைய மூன்று நாளும் டோக்கன் முறைதான், காலை ஆறு மணிக்கே கொடுத்துவிடுவோம். லாரித் தண்ணீர் விலை ஏறிவிட்டதால் 1-ம் தேதியிலிருந்து கார் வாஷ் 600 ரூபாய்.