பிக்ஸ்டோ வேரியபிளோ எண்டு கேட்ட மகளுக்கு

கொக்குவில்
27.04.2025

அன்பான பிள்ளை,

நீ வட்ஸ்அப்பில விட்ட வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டன், அப்பாவுக்கும் போட்டுக் காட்டினன். அவர் கேட்டிட்டு "உவள் எலெக்சனுக்குப் பயப்பிடுறாளோ வட்டிக்குப் பயப்பிடுறாளோ" எண்டு சொல்லிக்கொண்டு பேப்பரைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போட்டார். ரெண்டுக்கும் தான் எண்டு எனக்குத் தெரியும். போனில சொன்னா நீ ஒரு காதால சின்னவன்ர சத்தத்தையும் மற்றக் காதால என்னையும் கேப்பாய், அதால எழுதுறன், ஆறுதலா இருந்து வாசி.

2020 இல வீடு வாங்கேக்க 2 வீதத்துக்கும் குறைய எடுத்த மோர்ட்கேஜ், அந்த வீட்டுக் கடனின்ர தவணை, இப்ப முடியுது, புதுசா எழுதினா 4 வீதமளவில கேக்கினம், வட்டி மாறாத பிக்ஸ்ட் எடுக்கவோ மத்திய வங்கியோட ஏறி இறங்கிற வேரியபிள் எடுக்கவோ எண்டு கேட்டனி, அதுக்குள்ள ட்ரம்ப் வரி, நாளைக்கு உங்க எலெக்சன், உங்கட மத்திய வங்கி பாங்க் ஒஃப் கனடா இந்தமுறை வட்டியைக் குறைக்காம 2.75 இலேயே விட்டிட்டுது எண்டு உனக்குக் கோவம். அதோட "அம்மா, அவைக்கே என்ன நடக்கும் எண்டு தெரியேல்லையாம், ரெண்டு கதை எழுதி வைச்சிருக்கினம்" எண்டு சொல்லிச் சிரிச்சனி. 16ஆம் திகதி வந்த அறிக்கையை நானும் பாத்தனான். வழமையா ஒரு கணிப்புத்தான் போடுவினம், இந்தமுறை அதைப் போடாம, வரியெல்லாம் பேசித் தீந்தா இப்பிடி, நீண்ட வர்த்தகச் சண்டையா இழுத்தா பொருளாதாரம் சுருங்கி விலைவாசியும் 3 வீதத்துக்கு மேல போகும் எண்டு ரெண்டாப் பிரிச்சுப் போட்டிருக்கினம். நீ அதைப் பாத்துப் பயந்தாய், எனக்கு உண்மையாச் சொன்னா நிம்மதியா இருந்தது. பாங்க் ஒஃப் கனடா ஆளுநர் இதே மக்லெம் தானே 2020 யூலையில, வட்டி கனகாலத்துக்குக் குறைவாத்தான் இருக்கும், மோர்ட்கேஜ் எடுக்கிற ஆக்கள் நம்பி இருக்கலாம் எண்ட மாதிரிச் சொன்னவர். பிறகு 2022 மார்ச்சில 0.25 இல இருந்து ஏத்தத் தொடங்கி அடுத்த வருசம் யூலையில 5 வீதத்தில கொண்டுபோய் விட்டவர். அந்தச் சொல்லை நம்பி வேரியபிள் எடுத்த உன்ர சிநேகிதி பட்ட பாடு உனக்குத் தெரியும். அடிச்சுச் சொன்ன நேரம் பிழைச்சவை இப்ப தெரியாது எண்டு சொல்லினம், அது நல்லதோ கெட்டதோ எண்டு நீயே யோசி.

தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்ன மத்திய வங்கி என்ன பாடு படுத்தும் எண்டு எங்களைக் கேள். நீ 2021 கடைசியில உங்க இருந்தபடியா முழுசா உனக்கு விளங்காது. 2019 முடிவில புது ஜனாதிபதி வந்த கையோட வற் வரியை 15 இல இருந்து 8 ஆக்கினவை, வருமானம் விழுந்தது, கொரோனா வந்தது, சுற்றுலா நிண்டது, வெளியில கடன் எடுக்கிற கதவும் பூட்டுப்பட்டுது. அப்ப அரசாங்கத்துக்குக் காசு எங்கால வந்தது, மத்திய வங்கி அச்சடிச்சுக் குடுத்தது. 2019 முடியேக்க அது வைச்சிருந்த அரசாங்கப் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு, 2021 முடியேக்க ஒரு ட்ரில்லியனையும் தாண்டிட்டுது. இவ்வளவையும் செய்துகொண்டு, டொலர் மட்டும் 203 தான், அசையாது எண்டு பிடிச்சு வைச்சிருந்தவை. ரீவியில வந்து பயப்பிட ஒண்டுமில்லை, கடனெல்லாம் கட்டுவம், காசு வந்துகொண்டிருக்குது எண்டு சொல்லுவினம். 2022 சனவரி 18 இல 500 மில்லியன் டொலர் கடனைக் கட்டியும் காட்டினவை, அந்தக் காசுக்கு எவ்வளவு காஸும் மருந்தும் எண்ணெயும் வாங்கியிருக்கலாம் எண்டு எனக்கு இண்டைக்கும் வயிறு எரியும்.

ஆனா சனம் நம்பேல்ல. எப்பிடித் தெரியும் எண்டா, மருமகன் அப்ப எங்களுக்கு எதால காசு அனுப்பினவர் எண்டு கேட்டுப் பார். வங்கிக்கு வெளியால காசு மாத்திக் குடுக்கிற உண்டியல்காரப் பெடியன் மோட்டச்சைக்கிளில வந்து படலையில நிண்டு போனில நம்பரைச் சரிபாத்து, செலோரேப் ஒட்டின கட்டைத் தந்திட்டுப் போவான், நான் மேசையில வைச்சு எண்ணுவன், வாழ்க்கை முழுக்க வங்கியில காசு எண்ணின ஆளுக்கு அது எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசி. வங்கியால வந்தா அமெரிக்க டொலருக்கு 200 சொச்சம், உண்டியலில 240 மட்டும் போகும், யார் வங்கிக்குப் போவினம். டிசம்பரில டொலருக்கு 10 ரூபா கூடத் தாறம் எண்டும் மத்திய வங்கி சொல்லிப் பாத்தது, ஆரும் திரும்பிப் பாக்கேல்ல. 2020 இல வெளிநாட்டில இருந்து வந்த உழைப்புக் காசு 7.1 பில்லியன் டொலர், 2022 இல 3.8 பில்லியன். வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் அனுப்பிறதை நிப்பாட்டிப்போட்டினமோ, இல்லையே, வேற வழியால வந்தது. ஏற்றுமதிக்காரரும் அப்பிடித்தான், டொலரை வெளியிலேயே வைச்சுக்கொண்டு நாளைக்கு விலை கூடும் எண்டு பாத்துக்கொண்டிருந்தவை.

2022 மார்ச் 7 இல டொலர் விலையைப் பிடிச்ச கையை விட்டவை, ஏப்ரலில டொலர் 300ஐத் தாண்டி மே மாசம் 360 மட்டும் போனது. ஏப்ரல் 4 இல மத்திய வங்கியின்ர பழைய ஆளுநர் ராஜினாமா, 7 இல நந்தலால் வீரசிங்க வாறார், அடுத்த நாள் 8 ஆம் திகதி வட்டியை ஒரேயடியா 7 வீதப் புள்ளியால ஏத்தி, வங்கிகளுக்குக் கடன் குடுக்கிற வீதத்தை 14.5 ஆக்கினார். நாலு நாளில, ஏப்ரல் 12 இல, வெளிநாட்டுக் கடன் இனிக் கட்டமாட்டம் எண்டும் அரசாங்கம் அறிவிச்சிட்டுது. பங்குச் சந்தையை அடுத்த கிழமை முழுக்கப் பூட்டி வைச்சவை, 25 ஆம் திகதி திறந்த அண்டைக்கே விழுந்து வியாபாரத்தை நிப்பாட்ட வேண்டி வந்தது. பூட்டி வைச்சாப் பயம் போகாது, ஒரு கிழமைப் பயம் ஒரே நாளில வரும், அவ்வளவுதான்.

அப்ப உன்ர சித்தப்பா இஞ்ச வந்து சத்தம் போட்டவர், "வட்டியை ஏத்தினாப் போல கப்பலில எண்ணெய் வருமோ அக்கா" எண்டு. நியாயமான கேள்வி தான், அவர் ரெண்டு நாள் பெற்றோல் லைனில கிடந்திட்டு வந்த ஆள். மண்ணெண்ணெய் இல்லாம வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்க ஏலாம சுன்னாகப் பக்கம் சனம் கண்ணீர் விட்டது, கடலுக்குப் போறவையும் வள்ளத்தை இழுத்து விட்டிட்டு இருந்தவை, அந்த ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து 340 ரூபாவுக்குப் போனது. வட்டி ஏத்தினதால கடன் எடுத்துக் கடை போட்ட ஆக்கள் எத்தினை பேர் கவிண்டவை எண்டு சொன்னா நீ அழுவாய்.

வட்டி எண்ணெய் கொண்டு வராது. அது செய்யிறது வேற. ரூபாவை வைச்சிருந்தா நட்டம் எண்டு நினைக்கிற ஒவ்வொருத்தனும் அதைத் தள்ளிவிடத்தான் பாப்பான், டொலரோ தங்கமோ காரோ மாபிளோ, என்னத்தையாவது வாங்கி வைப்பான், அதால விலை இன்னும் ஏறும், அதைப் பாத்து மற்றவனும் வாங்குவான். அந்த ஓட்டத்தைத் தான் வட்டி மறிக்கப் பாக்குது. கடனெடுத்துச் சாமான் பதுக்கிறதும் கட்டாது. உடன வேலை செய்யேல்ல, செப்டெம்பரில பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானில கிட்டத்தட்ட 95. அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கிற பத்திரமான திறைசேரி உண்டியலுக்கு 30 வீதமளவில வட்டி. வங்கிகளில பிக்ஸ்ட் டிப்போசிற் 20 வீதத்துக்கு மேல, நீயும் மருமகனும் அப்ப வாயைப் பிளந்தனீங்கள். அந்தப் பெரிய வட்டி வருமானம் எண்டு தான் கனபேர் நினைச்சவை, அது பயத்தின்ர விலை. 2023 மார்ச் 20 இல சர்வதேச நாணய நிதியம், அதான் ஐ.எம்.எஃப், 3 பில்லியன் டொலர் அளவில கடன் தரச் சம்மதிச்ச பிறகு தான் மெல்ல மெல்ல மூச்சு வந்தது, யூனில இருந்து மத்திய வங்கியும் வட்டியை இறக்கத் தொடங்கினது. அந்த யூன் கடைசியில உள்நாட்டுக் கடனையும் மாத்தப்போகினம் எண்டு அஞ்சு நாள் வங்கி பூட்டினவை, இஞ்ச சனம் முதல் நாளே ஏ.ரி.எம். வாசலில. வைப்பில கை வைக்கமாட்டம் எண்டு சொன்னவை, வைக்கேல்லத் தான், ஆனா ஈ.பி.எஃப். எண்ட ஊழியர் சேமலாப நிதிக் காசுக்கு அந்தப் பாரம் போனது, உழைச்ச சனத்தின்ர காசு. அது எனக்கு இன்னும் சரியாப் படேல்ல.

இப்ப எலெக்சன் கதைக்கு வாறன், ஏனெண்டா உன்ர பயத்தில பாதி அதுதானே. போன வருசம் செப்டெம்பர் 21 இல இஞ்ச ஜனாதிபதித் தேர்தல். அனுர வந்தா ஐ.எம்.எஃப். ஐக் கலைப்பார், டொலர் 400 போகும் எண்டு கொழும்பில ஒரே கதை. தேர்தலுக்கு ரெண்டு நாளுக்கு முன்னம் 19 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் பத்திரக்காரரோட ஒரு இணக்கம் எண்டு அறிவிச்சவை, போற அரசாங்கம் போற அவசரத்தில. அனுர வெண்டார், திங்கக்கிழமை எங்கட டொலர் பத்திரங்கள் வெளியில விழுந்தது. பிறகு என்ன நடந்தது, அவர் அதே ஆளுநரை வைச்சுக்கொண்டார், 27 ஆம் திகதி மத்திய வங்கி வட்டியில தொடேல்ல, ஒக்டோபர் தொடக்கத்தில அந்த இணக்கத்தையும் ஏற்கிறம் எண்டு சொல்லிட்டினம். டொலர் 300 ஐச் சுத்தித்தான் நிண்டது, பங்குச் சந்தை ஏறின ஏற்றத்தைப் பாத்து அப்பாவே தனக்கும் ஒரு கணக்குத் திறப்பமோ எண்டு கேட்டவர், நான் விடேல்ல.

எண்டபடியா நாளைக்கு உங்க ஆர் வெண்டாலும், முதல் நாள் மார்க்கற் துள்ளுறதைப் பாத்து ஒண்டும் செய்யாத. உங்க எலெக்சனில நிக்கிற மார்க் கார்னி, அவர் முந்திக் கனடாவிலயும் பிறகு இங்கிலாந்திலயும் மத்திய வங்கி ஆளுநரா இருந்தவர். 2016 இல ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு இங்கிலாந்து விலகிற பிரெக்சிற் வாக்கு முடிஞ்ச அண்டு விடிய, பிரதமர் விலகிறன் எண்டு சொன்ன கொஞ்ச நேரத்தில, ரீவிக்கு முன்னால வந்து வங்கிகளுக்கு 250 பில்லியன் பவுண்ட் குடுக்கத் தயார் எண்டு சொன்னவர். அண்டைக்கு பவுண்ட் விழுந்தது விழுந்தது தான், அதை அவர் மறிக்கப் போகேல்ல, ஆனா ஒரு வங்கியும் கவிழேல்ல. நான் அவருக்கு வோட்டுக் கேக்கேல்ல, எனக்கு உங்கட அரசியல் தெரியாது. எதைப் பிடிக்கிறது எதை விடுறது எண்டு தெரிஞ்சிருக்க வேணும் எண்டு தான் சொல்லுறன். எங்கட ஆக்கள் டொலர் விலையைப் பிடிக்கப் போய் கையிருப்பு முழுக்கத் துலைச்சவை.

பெரிய இடத்திலயும் இதுதான். இந்த மாசம் அமெரிக்காவில ட்ரம்ப் வரி போட்ட கையோட பங்குகள் விழுந்தது, அது எதிர்பாத்தது, ஆனா வழமையாப் பயத்தில சனம் ஓடிப்போய் வாங்கிற அமெரிக்கக் கடன் பத்திரத்தையும் விக்கத் தொடங்கினவை, 10 வருசப் பத்திர வட்டி ஒரு கிழமைக்குள்ள 4 இல இருந்து 4.5 பக்கம் போனது, 9 ஆம் திகதி ட்ரம்ப் கனநாடுகளுக்கு 90 நாள் தள்ளி வைச்சார். எங்களுக்குப் போட்ட 44 வீதமும் அதில தான் தள்ளிப் போய் நிக்குது, கட்டுநாயக்க காமென்ட்ஸில வேலை செய்யிற பெட்டையள் நெஞ்சிடிச்சுக்கொண்டு இருக்கினம். பிறகு அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பவலைக் கலைப்பன் எண்ட மாதிரிக் கதைச்சார், டொலர் விழுந்து தங்கம் அவுன்ஸுக்கு 3,500 டொலரைத் தொட்டது, கொஞ்ச நாளிலேயே கலைக்கிற எண்ணமில்லை எண்டிட்டார்.

சரி, உன்ர விசயம். நீ வேரியபிள் எடுத்தா பாங்க் ஒஃப் கனடா போற வழியில போவாய், பிக்ஸ்ட் எடுத்தா கடன் பத்திரச் சந்தை என்ன நினைக்குதோ அது இப்பவே அந்த வட்டிக்குள்ள இருக்குது, மக்லெம் நாளைக்குக் குறைச்சாலும் பிக்ஸ்ட் குறையும் எண்டில்லை. உங்கட ரெண்டு பேரின்ர வேலையில ஒண்டு கார்ப் பாகங்கள் செய்யிற ஓட்டோ பாட்ஸ் கம்பனியில, வரி இழுத்தா முதல் ஆட்டம் காணுற இடம் அது. வேலை போற காலத்தில வட்டி குறையலாம் எண்டு சொல்லுவினம், ஆனா அந்த அறிக்கையின்ர ரெண்டாவது கதையில விலைவாசியும் கூடுது, அப்பிடி வந்தா குறைக்க அவைக்குக் கை நடுங்கும். அதால மூண்டு வருசப் பிக்ஸ்ட் ஒண்டு கிடைக்குமோ எண்டு கேட்டுப் பார், அஞ்சு வேண்டாம். கையெழுத்து வைக்க முன்னம் இடையில உடைச்சா எவ்வளவு தண்டம் எண்டு எழுத்தில கேள், பிக்ஸ்டில அது மூண்டு மாச வட்டியோட நிக்காது, வீடு விக்க வேண்டி வந்தா அதுதான் கடிக்கும்.

இஞ்ச வங்கியில பிக்ஸ்ட் டிப்போசிற்றில போட, உங்க லைன் ஒஃப் கிரெடிற்றில கடன் எடுத்து அனுப்பவோ எண்டு மருமகன் கேட்டாராம். வேண்டாம் எண்டு சொல்லு. இப்ப இஞ்ச 8 வீதமளவில தான், ரூபா ஒரு ஆட்டு ஆடினா அது ஒரு மாசத்தில போயிடும், நாங்கள் சேத்த காசின்ர பெறுமதி எப்பிடிப் போனது எண்டு அவருக்குத் தெரியாதோ. எங்களுக்கு அனுப்பிறதை மட்டும் அனுப்புங்கோ, வங்கியால அனுப்புங்கோ, இப்ப உண்டியலுக்கும் வங்கிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ரினியூவல் பேப்பர் வந்தோடன எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு, சின்ன எழுத்துப் பக்கத்தையும் சேத்து. அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்திட்டுது, ரெண்டு பேருமா இருந்து பாப்பம்.

அம்மா